தலைக்கு ஐந்து சிப்பம் நெல்

போன தீபாவளி முடிந்த மறுவாரம் எங்கள் ஊர் ஜவுளிக்கடை அண்ணன் ஒருவர் ஒரு மஞ்சப்பை நிறைய பில்லைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். மன்னார்குடி மேலராஜ வீதிப் பக்கம் ஒரு மாடியறையில் உட்கார்ந்து கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. சரக்கு பில், லாரி வாடகை, கரண்டு பில், போனஸ் வவுச்சர், ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றியதற்கு ஒரு துண்டுச் சீட்டு என்று பிரித்து அடுக்கிக்கொண்டே வந்தால் நடுவில் ஒன்று மட்டும் எனக்குப் புதிதாக இருந்தது. சென்னையில் ஒரு கம்பெனி போட்ட பில். 12,000 வாட்சப் செய்தி, ஒன்றுக்கு 95 காசு, ஆக 11,400 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 2,052, மொத்தம் 13,452.

"என்னாண்ணே இது, வாட்சப்புக்கா காசு?"

"ஆமா தம்பி. நாலாயிரம் கஸ்டமருக்கு மூணு தடவை சேலைப் படம் அனுப்புனோம்ல."

"அது ஃப்ரீதானே?"

"ஒனக்கு ஃப்ரீ. கடைக்கு எவன் ஃப்ரீயா குடுப்பான்?"

விளம்பரச் செலவு என்ற தலைப்பில் அதை ஏற்றிவிட்டு அடுத்த பில்லுக்குப் போய்விட்டேன். ஆனால் மனசு அங்கேயே நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷமாகச் சல்லிக்காசு கொடுக்காமல் காலையில் எழுந்ததும் கையில் எடுக்கிற ஒரு சாமானுக்கு இப்போதுதான் முதல் தடவையாக ஒரு பில்லைப் பார்க்கிறேன். கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது இலவசம் என்று சொன்னால், அப்போ பற்று யார் பக்கம் என்று தேட ஆரம்பித்துவிடுவான். அப்படித் தேடியதில் சேர்ந்த கதைதான் இது.

என் போனில் வாட்சப் ஏறியது 2013-ல். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், லீவில் வந்தபோது என் நோக்கியாவை வாங்கி அவரே போட்டுக் கொடுத்தார். தொடுதிரை எல்லாம் கிடையாது, பட்டன் போன்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐபோன்காரர்களுக்காக ஆரம்பித்த ஒரு செயலி நீடாமங்கலம், கோட்டூர் வரைக்கும் வந்து சேர்ந்ததற்கு அந்தப் பட்டன் போன்கள் பெரிய காரணம். நோக்கியாவின் மலிவு மாடல்களுக்கும் ஒரு வாட்சப் செய்து விட்டிருந்தார்கள். மற்ற கம்பெனிகள் எல்லாம் அந்த போன் வைத்திருப்பவனை ஆளாகவே மதிக்காத காலம் அது.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கும் சிங்கப்பூருக்கும் நடந்த போக்குவரத்து மிஸ்டு கால் போக்குவரத்து. ஒரு ரிங் என்றால் நலம், இரண்டு என்றால் பணம் அனுப்பியாச்சு, மூன்று என்றால் அவசரம், கூப்பிடு. எஸ்எம்எஸ் அனுப்பலாம்தான், ஆனால் வெளிநாட்டுக்கு அது கட்டுப்படியாகாது. உள்ளூரிலேயே பொங்கல், தீபாவளி, புத்தாண்டு அன்று மட்டும் எஸ்எம்எஸ் பேக் செல்லாது என்று வைத்திருந்தார்கள், என்றைக்கு எல்லோரும் அனுப்புவார்களோ அன்றைக்குப் பார்த்து. போதாததற்கு 2011 செப்டம்பரில் விளம்பரத் தொல்லையைக் குறைப்பதாகச் சொல்லி டெலிபோன் கம்பெனிகளை மேய்க்கும் அரசு அமைப்பான டிராய் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் என்று வரம்பு போட்டது, அப்புறம் 200 ஆக்கியது. அந்த வயசில் 100 எல்லாம் காலை டிபனுக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும். வாட்சப் அந்த ஓட்டையில் பூந்துதான் வளர்ந்தது. ஊருக்கெல்லாம் நல்லது செய்ய வந்த சாமி இல்லை, டெலிபோன் கம்பெனிகளின் பேராசையில் முளைத்த செடி என்பது என் அபிப்பிராயம்.

இதைச் செய்த ஜான் கூம், உக்ரைனில் பிறந்து 1992-ல் பதினாறு வயசில் அம்மாவோடு கலிஃபோர்னியாவுக்குப் போனவர். அங்கே அரசு தரும் உணவுக் கூப்பனில் குடும்பம் ஓடியிருக்கிறது, நம் ரேஷன் கார்டு மாதிரி. யாஹூவில் வேலை பார்த்து, 2007-ல் விட்டு, 2009 பிப்ரவரி 24 அன்று, தன் பிறந்த நாளில், வாட்சப் கம்பெனியைப் பதிவு செய்தார். கூட வந்த பிரையன் ஆக்டனும் பழைய யாஹூக்காரர். அதே 2009-ல் ஃபேஸ்புக்கில் வேலை கேட்டுப் போன இவரை வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து வருஷம் கழித்து அதே ஃபேஸ்புக் இவர்கள் கடையை வாங்க வந்தது. பத்திரத்தில் கையெழுத்துப் போட கூம் தேர்ந்தெடுத்த இடம், சின்ன வயசில் உணவுக் கூப்பனுக்காக வரிசையில் நின்ற அந்தப் பழைய அலுவலகத்தின் வாசல். ரேஷன் கடை வாசலில் நின்று ஆயிரக்கணக்கான கோடிக்குக் கையெழுத்து! ஆளுக்குக் கொஞ்சம் நாடகக் கிறுக்கும் இருந்திருக்க வேண்டும்.

முதலில் அது செய்தி அனுப்பும் செயலியே இல்லை. "மீட்டிங்கில் இருக்கிறேன்", "பேட்டரி தீரப்போகிறது" என்று பெயருக்குப் பக்கத்தில் நிலவரம் போட்டுக்கொள்வதற்கு மட்டும். 2009 ஜூனில் ஆப்பிள், செயலி மூடியிருந்தாலும் அறிவிப்பு வருகிற வசதியைக் கொடுத்தது. ஒருவர் நிலவரத்தை மாற்றினால் நண்பர்கள் எல்லோருக்கும் டிங் என்று போயிற்று. ஜனங்கள் அதை வைத்தே பேச ஆரம்பித்துவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கம்தான் போகும், கூம் அதற்குத் தக்கபடி வரப்பை வெட்டிவிட்டார்.

சரி, காசு?

ஆரம்பத்திலிருந்தே ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். ஆக்டன் கைப்பட எழுதிய ஒரு சீட்டைக் கூம் தன் மேசையில் ஒட்டி வைத்திருந்தார்: விளம்பரம் இல்லை, விளையாட்டு இல்லை, ஜிகினா வேலை இல்லை. அதற்குப் பதில் முதல் வருஷம் சும்மா, அப்புறம் வருஷத்துக்கு ஒரு டாலர். நேர்மையான வியாபாரம்தான். ஆனால் எங்கள் ஊரில் 2013-ல் இன்டர்நெட்டில் பணம் கட்டும் கார்டு வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வருஷம் முடியும்போது "உங்கள் சந்தா முடிகிறது" என்று ஒரு அறிவிப்பு வரும், வயிறு கலங்கும், அப்புறம் அதுவே இன்னொரு வருஷம் நீட்டிவிட்டு அமைதியாகிவிடும். நான் ஒரு தடவையும் கட்டியதில்லை. கட்டிய ஆள் ஒருவரையும் பார்த்ததில்லை.

ஆனால் அந்த ஒரு டாலர் எங்கள் சித்தப்பாவை என்ன பாடு படுத்தியது! "நாளையிலிருந்து வாட்சப்புக்குக் கட்டணம், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் உங்கள் வாட்சப் நீல நிறமாக மாறி இலவசமாகிவிடும்" என்று ஒரு செய்தி. சித்தப்பா ரிட்டயர்டு வாத்தியார், சந்தேகமே பிழைப்பாக இருந்தவர். அவரே பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, நிறம் மாறவில்லை என்று இன்னொரு பத்துப் பேருக்கும் அனுப்பினார். கேட்டால், "அனுப்பினா நமக்கு என்னடா நஷ்டம்?" என்றார். அந்த வாக்கியத்தில்தான் வாட்சப்பின் முழு வளர்ச்சியும் இருக்கிறது, அழிம்பும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

2014 பிப்ரவரி 19. ஃபேஸ்புக் வாட்சப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 400 கோடி ரொக்கம், 1,200 கோடிக்குப் பங்கு, மீதி 300 கோடி நிறுவனர்களுக்கும் ஊழியர்களுக்கும் பின்னால் சேரும் பங்கு. அப்போது மாதம் ஒரு முறையாவது அதைத் திறக்கிறவர்கள் 45 கோடிப் பேர். வேலை பார்த்தவர்கள் 55 பேர். ஐம்பத்தைந்து! எங்கள் பக்கம் ஒரு நடுத்தரக் கல்யாணத்தில் பந்தி பரிமாற, பாத்திரம் துலக்க என்று எண்ணினாலே அதற்குப் பக்கமாக வந்துவிடும். அது எப்படி முடிந்தது என்றால், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்சன் கம்பெனியில் உருவான எர்லாங் என்ற பழைய மொழியில் எழுதியிருந்தார்கள். 2012-லேயே ஒரே சர்வரில் 20 லட்சம் போன்களின் இணைப்பைத் தாங்கிக் காட்டினார்கள். செய்தி போய்ச் சேர்ந்ததும் தங்கள் பக்கத்திலிருந்து அதை அழித்துவிடுவதால் சேமித்து வைக்கும் கிடங்கும் பெரிதாகத் தேவைப்படவில்லை.

அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று நான் போட்ட கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. 1,900 கோடியை 45 கோடியால் வகுத்தால் தலைக்கு 42 டாலர் சொச்சம். அன்றைக்கு டாலர் 62 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆக நான் 2,600 ரூபாய் சுமாருக்குப் போயிருக்கிறேன். அந்தப் பருவத்தில் சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு மத்திய அரசு வைத்த ஆதார விலை 1,310 ரூபாய். மாநில ஊக்கத்தொகையைச் சேர்க்காமல் பார்த்தால் என் விலை சரியாக இரண்டு குவிண்டால். எங்கள் பக்கம் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோவைச் சிப்பமாகப் பிடிப்பார்கள். ஐந்து சிப்பம் நெல்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் அப்போது கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்ட நெல்லை ரோட்டில் கொட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். காலால் நெல்லைக் கோடு கிழித்துக் கிளறியபடியே, "ஒன்ன யாரு வித்தா?" என்று கேட்டார். "தெரியலப்பா, வாட்சப்காரன்." "அவனுக்கு ஒன்ன யாரு குடுத்தா?" என்றார். பதில் இல்லை. அவர் அடுத்த கோட்டுக்குப் போய்விட்டார்.

அப்புறம் அந்தக் கணக்கின் உள்ளே இன்னொரு கணக்கு இருப்பது தெரிந்தது. அது எங்கள் தொழில்காரர்களுக்குத்தான் சுவாரசியம், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் ஒப்பந்தம் முடிந்த பிறகு, பின்னால் ஊழியர்களுக்குத் தரவேண்டிய பங்கு போக, வாங்கிய விலையாக ஃபேஸ்புக் தன் புத்தகத்தில் ஏற்றியது ஏறக்குறைய 1,720 கோடி டாலர். ஒரு கம்பெனியை வாங்கினால் எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். காட்டினார்கள். தொழில்நுட்பத்துக்கு 28.8 கோடி. பெயருக்கும் முத்திரைக்கும் 44.8 கோடி. பயனாளர்களுக்கு, அதாவது நமக்கு, 202.6 கோடி. எல்லாவற்றையும் விடப் பெரிய தொகை, 1,531 கோடி டாலர், என்னவாம்? குட்வில். ப்ளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் நற்பெயர் என்று படித்தோமே, அது. (கூட்டினால் 1,720-ஐத் தாண்டும், பின்னால் கட்டவேண்டிய வரிப் பொறுப்பைக் கழித்தால்தான் அந்தத் தொகை வரும்.) முடிக்கும் நேரத்தில் பயனாளர்கள் 60 கோடியைத் தொட்டிருந்தார்கள். 202.6 கோடியை 60 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு மூணே கால் டாலருக்குக் கொஞ்சம் மேல், ரூபாயில் இருநூறு சொச்சம். அந்த வருஷ நெல் விலைக்குப் பதினைந்து கிலோ. ஐந்து சிப்பம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தவன் ஒரே நாளில் அரைச் சிப்பத்துக்கும் கீழே இறங்கிவிட்டேன். மற்றதெல்லாம் நற்பெயர்.

அந்தக் கடையின் வரவு செலவும் வெளியே வந்தது. 2013-ல் வருமானம் 1.02 கோடி டாலர். நஷ்டம் 13.8 கோடி டாலர். நஷ்டத்தில் பெரும்பகுதி ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுத்ததன் கணக்கு என்பதால் கையை விட்டுப் போன ரொக்கம் அவ்வளவு இல்லை, அது வேறு. ஆனால் 40 கோடிப் பேருக்கு மேல் வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு டாலர் என்று போர்டு மாட்டிய கடையில், கல்லாவில் விழுந்தது ஒரு கோடி டாலர்தான். நாற்பதில் ஒருவர் கட்டியிருந்தால் அதிகம். என் கஸ்டமர் யாராவது இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்திருந்தால் கடையை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். 2016 ஜனவரியில் அந்த ஒரு டாலரையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே 100 கோடிப் பேர்.

அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை ஒரு ஜிபி 250 ரூபாய் என்று எண்ணி எண்ணிச் செலவழித்த ஊரில், டேட்டா தண்ணீர் பட்ட பாடு பட்டது. அம்மாவுக்கு என் பழைய போனைக் கொடுத்தேன். அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பாள், டைப் செய்ய வராது. மைக்கை அமுக்கிப் பேசினால் போகும் என்று காட்டிக் கொடுத்ததும், போனை வாய்க்குக் குறுக்கே அப்பளம் கடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தவள், இன்றுவரை நிறுத்தவில்லை. அக்காவுக்கு அனுப்பும் குரல் செய்திகள் நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். நடுவில் மாட்டை விரட்டுவாள், குக்கர் விசில் அடிக்கும், "இரு வாரேன்" என்று போய்விட்டு வந்து தொடர்வாள். சிங்கப்பூரில் அக்கா பஸ்ஸில் போகும்போது அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே போவாளாம். அந்தக் குக்கர் விசிலுக்கு எவ்வளவு விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, எந்தத் தலைப்பிலும் வராது.

2019-ல் இந்தியாவில் மட்டும் 40 கோடிப் பேர் என்று அவர்களே சொன்னார்கள். எங்கள் கிராமத்தில் அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே வாய்க்கால் குரூப் வந்துவிட்டது. பாமணியாற்றுப் பாசனம். நூற்றுச் சொச்சம் பேர். ஆடுதுறை 45 விதை எங்கே இருக்கிறது, அறுவடை மெஷின் மணிக்கு எவ்வளவு கேட்கிறான், எந்தக் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை, எல்லாம் அதில்தான். தினமும் காலை எட்டரைக்கு ஒருவர் மேட்டூர் நிலவரம் போடுவார்: நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சி, வரத்து, வெளியேற்றம். நாலே வரி. பள்ளிக்கூடத்தில் ப்ரேயர் மாதிரி, அது வந்தால்தான் நாள் தொடங்கும். 2024-ல் ஜூன் 12 அன்று அணையைத் திறக்க முடியவில்லை, தண்ணீர் இல்லை. குறுவை போச்சு என்று குரூப்பே இழவு வீடு மாதிரி கிடந்தது. ஜூலை கடைசியில் கர்நாடகத்தில் மழை பிடித்து எண்கள் ஏறத் தொடங்கின. நாலு வரி போடுகிறவர் மணிக்கு ஒரு தடவை போட ஆரம்பித்தார். ஜூலை 28 அன்று திறந்தார்கள், 30 அன்று 120 அடியைத் தொட்டே விட்டது. அன்று ராத்திரி குரூப்பில் பட்டாசுப் படம் போட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். அவர் அதற்கு முன் எதுவும் போட்டதில்லை, எப்படிப் போட்டார் என்று இன்னும் சொல்லவில்லை.

கஜா புயலைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்து பார்த்தால் தென்னை மரம் எல்லாம் தலை திருகிக் கிடந்தது. டவர் இல்லை, கரண்டு இல்லை, ரோடு இல்லை. சிங்கப்பூரில் அக்கா "அம்மா எப்படி இருக்கா" என்று ஒரு செய்தி போட்டிருக்கிறாள். ஒரு டிக் மட்டும் விழுந்திருக்கிறது. அனுப்பியாச்சு, போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அந்த ஒற்றைச் சாம்பல் டிக்கை மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வேலைக்குப் போகவில்லை. மச்சான் சோறு வைத்துப் பிசைந்து கொடுத்தாராம். நாலாம் நாள் நான் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில் இருபது ரூபாய் கொடுத்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு, தஞ்சாவூர் ரோட்டில் வண்டியை விட்டு, எங்கே சிக்னல் கோடு எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு புளியமரத்தடியில் போன் சட்டைப்பையில் துடிக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. 214 செய்தி. அங்கே ஒற்றை டிக் இரட்டை ஆன அதே நொடியில் அக்கா கூப்பிட்டாள். பேசவில்லை, அழுதாள். நானும் ஒன்றும் பேசவில்லை.

அதற்கடுத்த இரண்டு வாரம் தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, நாப்கின், பால் பவுடர் எல்லாம் வந்தது வாட்சப் வழியாகத்தான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு வண்டி கிளம்பினால் எந்தக் கிராமத்துக்கு இன்னும் எதுவும் போகவில்லை என்று குரூப்பில் கேட்டு அங்கே திருப்புவோம். கொடுத்துவிட்டுப் போனவனுக்கு எங்கள் பெயர் தெரியாது, எங்களுக்கு அவன் பெயர் தெரியாது.

அதே வருஷம் மே மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று ஒரு ஆடியோ சுற்றியது. எங்கள் குடும்ப குரூப்பில் அதைப் போட்டவன் நான். அக்கா பிள்ளைகள் லீவுக்கு வந்திருந்தார்கள், ஜாக்கிரதையாக இருக்கட்டுமே என்றுதான். அனுப்பினால் என்ன நஷ்டம்! இரண்டொரு நாளில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த வயசான அம்மா ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்று ஊர் கூடி அடித்துக் கொன்றுவிட்டார்கள். நான் அனுப்பிய ஆடியோ அங்கே போயிருக்காது. ஆனால் அதே மாதிரி ஒன்றை, என்னை மாதிரி ஒருவன், தன் அக்கா பிள்ளைகளை நினைத்துத்தான் அனுப்பியிருப்பான். நாடு முழுக்க இப்படிச் சாவுகள் நடந்த பிறகு, அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வைத்தார்கள், 2019 ஜனவரியில் உலகம் முழுக்க. கொரோனா வந்தபோது, பல கை மாறி வந்த செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான். சித்தப்பாவுக்கு அது பெரிய மனவருத்தம்.

செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டியது 2016 ஏப்ரலில். அனுப்புகிறவர் போனில் பூட்டி, வாங்குகிறவர் போனில்தான் திறக்கும். கம்பெனிக்கே சாவி கிடையாது. நல்ல விஷயம், ஆனால் வியாபாரமாகப் பார்த்தால் ஒரு தர்மசங்கடம். ஃபேஸ்புக் பிழைப்பதே நீ என்ன பேசுகிறாய், எதை விரும்புகிறாய் என்று பார்த்து விளம்பரம் காட்டித்தான். இங்கே உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. கொடுத்ததோ ஆயிரக்கணக்கான கோடி டாலர். இந்த இழுபறியில்தான் நிறுவனர்கள் இருவரும் வெளியே போனார்கள். ஆக்டன் 2017 செப்டம்பரில் போனபோது, இன்னும் கைக்கு வராத ஏறக்குறைய 85 கோடி டாலர் பங்கை விட்டுவிட்டுப் போனார். அடுத்த பிப்ரவரியில் சிக்னல் என்ற இன்னொரு செய்திச் செயலியின் அறக்கட்டளைக்கு 5 கோடி டாலர் போட்டார், மார்ச்சில் ஃபேஸ்புக்கை அழிக்கும் நேரம் வந்துவிட்டது என்று ட்விட்டரில் எழுதினார். விற்றபோது தெரியாதா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 85 கோடி டாலரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகிறவனிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்குள் போக முடியாது என்றதும் வாசலில் கடை போட்டார்கள். 2018-ல் சின்னக் கடைகளுக்கு வாட்சப் பிசினஸ் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் பூக்காரம்மா முதல் மெஷின் புரோக்கர் வரை இன்று அதில்தான். பெரிய கடைகள் ஆயிரக்கணக்கில் அனுப்ப வேண்டுமென்றால் அதற்குத் தனி வழி, அதில்தான் காசு. வாடிக்கையாளர் தானாக ஒரு செய்தி போட்டால் 24 மணி நேரத்துக்குக் கடை பதில் சொல்லச் செலவில்லை. கடை தானாகப் போய் விளம்பரம் தட்டினால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம், இந்தியாவில் 2025-ல் எண்பது காசு அளவில் இருந்தது. பில், டெலிவரி விவரம் மாதிரியான செய்திக்கு அதில் சின்னப் பங்குதான். நடுவில் இருக்கும் ஏஜென்ட் கம்பெனி தன் பங்கைச் சேர்த்து 95 காசு ஆக்குகிறது. அதுதான் என் மேசையில் விழுந்த பில். இன்னொரு பக்கம், ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் விளம்பரத்தைத் தட்டினால் நேராக வாட்சப்பில் கடைக்காரரிடம் கொண்டுபோய் விடுகிற வகை. அது மட்டும் 2022-லேயே ஆண்டுக்கு 150 கோடி டாலர் வேகத்தில் ஓடியது.

பணம் அனுப்புகிற வசதியையும் 2020 நவம்பரில் கொண்டுவந்தார்கள். முதலில் 2 கோடிப் பேருக்குத்தான் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ வரம்பு போட்டு, படிப்படியாகக் கூட்டி, 2024 கடைசி நாளில்தான் வரம்பை எடுத்தது. அதற்குள் ஜீபேயும் போன்பேயும் டீக்கடை வரைக்கும் அட்டை ஒட்டிவிட்டன. என் கஸ்டமர்களில் வாட்சப்பில் காசு வாங்குகிறவர் ஒருவரும் இல்லை.

இப்போது மறுபடியும் வகுத்தல் கணக்கு. ஃபேஸ்புக் கம்பெனி இப்போது வைத்திருக்கும் பெயர் மெட்டா. மெட்டாவின் புத்தகத்தில் இந்தச் செய்திக் கட்டணம் "இதர வருமானம்" என்ற வரியில் வருகிறது, அதில் பெரும்பங்கு இதுதான், பெயருக்குப் பக்கத்தில் நீல டிக் வாங்கக் கட்டும் சந்தா மாதிரி சில்லறைகளும் உண்டு. 2024-ல் அந்த வரி 172 கோடி டாலர். கம்பெனியின் மொத்த வருமானம் 16,450 கோடி, அதில் இது நூற்றில் ஒன்று. வாட்சப் வைத்திருப்பவர்கள் 300 கோடிக்கு மேல் என்று 2025-ல் சொன்னார்கள். வகுத்தால் தலைக்கு வருஷத்துக்கு 57 சென்ட். விளம்பரத்தைத் தட்டி வருகிற காசு வேறு வரியில் இருப்பதால் அதையும் சேர்த்தால் டாலரைத் தாண்டக்கூடும். இருந்தாலும் பாருங்கள், ஆளுக்கு ஒரு டாலர் என்று நேராகக் கேட்ட கடையை மூடிவிட்டு, எட்டு வருஷம் சுற்றி வந்து, கடைக்காரர்களிடம் எண்பது எண்பது காசாக வாங்கி, இன்னும் அந்த ஒரு டாலரைத்தான் எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அன்றைக்கே வருஷம் அறுபது ரூபாயைக் கொடுத்திருப்பேன். கொடுக்க வழி இருந்திருந்தால். அது போதாமல்தானோ என்னவோ, 2025 ஜூனில் ஸ்டேட்டஸ் பக்கத்தில் விளம்பரம் வைக்கப் போவதாக அறிவித்துவிட்டார்கள். கூம் மேசையில் ஒட்டியிருந்த அந்தச் சீட்டு இப்போது எந்தக் குப்பையில் கிடக்கிறதோ.

ஜவுளிக்கடை அண்ணனிடம் திரும்பி வருகிறேன். 13,452 ரூபாய் செலவழித்தீர்களே, ஏதாவது வந்ததா என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, கடைப் பையனைக் கூப்பிட்டார். பையன் கடை போனை நீட்டினான். "படம் அனுப்புனதுக்கு நெறைய பேரு ஸ்டாப்னு போட்டுட்டாங்க சார். கொஞ்சம் பேரு வெல கேட்டாங்க. ஒரு அம்மா மட்டும் வாய்ஸா போட்டாங்க சார், எடுத்ததும் நாலு நிமிஷம்." அமுக்கினான். குக்கர் விசில் கேட்டது.

எங்க அம்மா. நாலாயிரத்தில் ஒருத்தி. கடை அனுப்பிய விளம்பரத்தை யாரோ தெரிந்த பிள்ளை தனக்கென்று படம் அனுப்பியிருக்கிறது என்று நினைத்து, நலம் விசாரித்து, போன வருஷம் அங்கே எடுத்த சேலை சாயம் போனதைச் சொல்லி, மாட்டை விரட்டி, கடைசியில் அந்தக் கட்டம் போட்டது மயில் கழுத்துப் பச்சையில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். வாடிக்கையாளர் பேசிவிட்டதால் அடுத்த 24 மணி நேரம் கடைக்கு ஓசி. பையன் ஒன்பது படம் அனுப்பியிருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் அம்மா தனித்தனியாகப் பேசிப் பதில் சொல்லியிருக்கிறாள்.

"ஒங்க அம்மாவா தம்பி?" என்று அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "எடுத்துட்டாங்களாடா?"

எடுத்திருந்தாள். 1,450 ரூபாய், பில் நம்பரோடு இருந்தது. விளம்பரச் செலவுக்கு எதிரே வாட்சப் விற்பனை என்று தனியாக ஒரு தலைப்பு போடச் சொன்னார் அண்ணன். போட்டிருக்கிறேன். அதில் முதல் வரி எங்க அம்மா சேலை.